கலந்தும் கலவாத பாலிமர்கள்: வாசகர் கேள்வி–பதில்

பாலிமர் கலவைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை விடை தருகிறோம். தொழிற்கூடங்களில் ஃபில்லர், கம்பாட்டிபிலைசர் என்று வழங்கப்படும் இரண்டையும் இங்கே நிரப்பி, இணக்கி என்று குறிப்பிட்டிருக்கிறோம். நிரப்பி என்பது பாலிமரோடு கலக்கும் கால்சியம் கார்பனேட் போன்ற திடப்பொருள்; இணக்கி என்பது ஒன்றோடொன்று சேராத பாலிமர்களைப் பிடித்துவைக்கும் சேர்மானம். வந்த கடிதங்களில் பாதிக்குமேல், இவ்விரண்டில் ஒன்று செய்ய வேண்டிய வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்த்ததால் எழுந்த குழப்பங்களே.

கேள்வி: பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் இரண்டுமே கார்பனாலும் ஹைட்ரஜனாலும் மட்டுமே ஆனவை. அப்படியிருந்தும், இரண்டையும் உருக்கிக் கலந்து வார்த்த பொருள் சற்று வளைத்தவுடன் ஒடிந்துவிடுகிறது. இருபது சதவீதம் கால்சியம் கார்பனேட் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அதை விற்பவர். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஆனால் நீங்கள் சொல்லும் குறை அதனால் தீராது. முதலில் அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இரு நிற மணிகளை உதிரியாக ஒரு பாத்திரத்தில் இட்டுக் குலுக்கினால் அவை எளிதில் ஒன்றுகலந்துவிடும். ஏனெனில், கலந்த நிலையில் அவை அமையக்கூடிய வழிகள் எண்ணற்றவை. அதே மணிகளை ஆயிரக்கணக்கில் நீண்ட மாலைகளாகக் கோத்துவிட்டுக் குலுக்கினால், அந்த வழிகளின் எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிடுகிறது. சிறிய மூலக்கூறுகளைக் கலக்கத் தூண்டும் என்ட்ரோபி என்னும் உந்துதல், நீண்ட சங்கிலி மூலக்கூறுகளிடம் ஏறக்குறைய இல்லாமலே போவதற்கு இதுவே காரணம். 1940களின் தொடக்கத்தில் பால் ஃபுளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியே வகுத்த கோட்பாடு இதைத்தான் கணக்கிட்டுக் காட்டியது. உந்துதல் இவ்வளவு சிறிதாக இருப்பதால், இரண்டு சங்கிலிகளுக்கும் இடையே மிக நுண்ணிய ஒவ்வாமை இருந்தாலும் போதும், அவை பிரிந்து நிற்கும். தனிமங்கள் ஒன்றாக இருந்தாலும், பாலிபுரோப்பிலீன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் தொங்கும் மெத்தில் தொகுதி அந்த ஒவ்வாமைக்குப் போதுமானது.

இதற்குமேல் ஒரு சிக்கலும் உண்டு. உருகிய நிலையில் ஒன்றின் துளிகள் மற்றொன்றுக்குள் ஓரளவு நுணுக்கமாகவே பரவி நிற்கும். குளிரும்போது இரண்டும் தத்தம் படிகங்களாகத் தனித்தனியே இறுகுவதால், இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைப்பரப்பில் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. வளைக்கும்போது விரிசல் அந்த எல்லைவழியாகவே ஓடுகிறது.

இங்கே கால்சியம் கார்பனேட் என்ன செய்யும்? விறைப்பைக் கூட்டும், வார்ப்புச் சுருக்கத்தைக் குறைக்கும், அச்சில் வேகமாகக் குளிரச் செய்யும். எல்லைப்பரப்பை மட்டும் அது ஒட்டவைக்காது. போதாக்குறைக்கு, ஒட்டாத புதிய பரப்புகளையும் கூடவே கொண்டுவரும். செலவு குறையும் என்னும் வாதத்தையும் கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி 2.7, பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.905. ஆகவே எடையில் 20 சதவீதம் என்பது கனஅளவில் 8 சதவீதத்தைக்கூட எட்டாது. அச்சின் கனஅளவு மாறாதது. எனவே தூய பாலிபுரோப்பிலீனில் 100 கிராம் இருந்த அதே பொருள் இப்போது 115 கிராம் இருக்கும், அதில் 92 கிராம் பாலிமராகவே இருக்கும். நீங்கள் உண்மையில் மிச்சம் பிடித்தது 8 கிராம் மட்டுமே. மேலும், நிரப்பி ஏறத்தாழ 14 சதவீதத்தைத் தாண்டியதும் பாலிபுரோப்பிலீன் தண்ணீரில் மிதக்காமல் மூழ்கத் தொடங்கும். மிதப்பவை, மூழ்குபவை என்று தொட்டியிலிட்டுப் பிரிக்கும் மறுசுழற்சிக் கூடத்தில் அது பிறகு தவறான பக்கம் போய்ச் சேரும்.

கேள்வி: அப்படியானால் இணக்கி என்பது ஒருவகைப் பசையா, அல்லது சோப்பைப் போன்றதா?

பதில்: இரண்டு வேலையும் அதற்கு உண்டு. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே சோப்பு மூலக்கூறு நிற்பதுபோல, ஒரு பாதி ஒரு பாலிமரையும் மறுபாதி மற்றொரு பாலிமரையும் விரும்பும் சங்கிலி ஒன்று எல்லைப்பரப்பில் போய் அமர்ந்துகொள்கிறது. அதனால் எல்லையின் இழுவிசை குறைகிறது. பாலிமரை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் எந்திரத்தின் திருகு பிசையும்போது துளிகள் எளிதில் உடைகின்றன. பலர் இத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால், உடைந்த துளிகள் மோதி மீண்டும் பெருந்துளிகளாக இணைந்துவிடாமல் தடுப்பதே இணக்கியின் பெரிய பங்கு என்பது என் கருத்து. துளியைச் சுற்றித் துருத்திக்கொண்டிருக்கும் சங்கிலிகள் இரு துளிகளை நெருங்கவிடுவதில்லை. பசையின் வேலை குளிர்ந்த பிறகு தொடங்குகிறது. இரு பாதிகளும் தத்தம் பக்கத்துச் சங்கிலிகளோடு பின்னியும், படிகம் உருவாகும் பாலிமர்களில் அந்தப் படிகங்களுக்குள் புகுந்தும் எல்லையைத் தைத்துவிடுகின்றன. பின்னிக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பாதிகள் நீளமாக இல்லாவிட்டால், துளி சிறுத்திருந்தும் பொருள் நொறுங்கும். நுண்ணோக்கியில் அழகாகத் தெரியும் கலவை சோதனையில் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முதல் கேள்வியில் வந்த இணைக்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாலிஎத்திலீன் கண்டமும் (ஒரே வகை அலகுகளாலான நீண்ட துண்டு) பாலிபுரோப்பிலீன் கண்டமும் மாறிமாறி வரும் பல்கண்டச் சங்கிலிகளை ஜெஃப்ரி கோட்ஸ், ஃபிராங்க் பேட்ஸ் ஆகியோரின் குழுவினர் உருவாக்கி, அதன் முடிவுகளை 2017-இல் வெளியிட்டார்கள். நான்கு கண்டங்கள் கொண்ட சங்கிலியை மிகச் சிறிய அளவில் சேர்த்தபோதே, ஒடிந்துகொண்டிருந்த கலவை நன்றாக நீளத் தொடங்கியது. தொழிற்கூடத்தில் அதைவிட எளிதாகக் கிடைப்பவை எத்திலீன்–புரோப்பிலீன் எலாஸ்டோமர்களும் (ரப்பர்போல இழுபடும் பாலிமர்கள்) எத்திலீன்–ஆக்டீன் வகைக் கண்டச் சங்கிலிகளும். இவை கூடுதல் அளவில் தேவைப்படும், விறைப்பையும் ஓரளவு விலையாகக் கேட்கும்.

கேள்வி: இரண்டு பாலிமர்கள் முழுமையாகக் கரைந்து ஒன்றாவதுதானே மிகச் சிறந்த கலவை?

பதில்: அல்ல. பாலிஃபினைலீன் ஆக்சைடும் பாலிஸ்டைரீனும் எந்த விகிதத்திலும் ஒன்றுகலக்கும் அரிய இணை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1960களில் நோரில் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது இதைத்தான். அங்கே கரைதல் பயன் தருகிறது. ஆனால் பாலிஸ்டைரீனின் நொறுங்கும் தன்மையைப் போக்க ரப்பர் சேர்க்கும்போது, ரப்பர் கரைந்துபோனால் பயனில்லை. தனித்துளிகளாக நின்றால்தான் விரிசலின் ஆற்றலை அது உள்வாங்கும். பிரிந்து நிற்க வேண்டும், ஆனால் பிடிப்பு விடக்கூடாது.

கேள்வி: நைலான் 6 எழுபது பங்கு, பாலிபுரோப்பிலீன் முப்பது பங்கு என்ற கலவையில், மேலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரோப்பிலீனை இணக்கியாக 2 சதவீதம் சேர்த்ததும் நல்ல பலன் கிடைத்தது. உற்சாகத்தில் 10 சதவீதமாக்கினேன். தாக்குவலிமை முன்பைவிடக் குறைந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: உற்சாகத்தில்தான். நைலான் சங்கிலியின் முனையிலுள்ள அமீன் தொகுதி, இணக்கியின் அன்ஹைட்ரைடோடு உருகிய நிலையிலேயே வினைபுரிந்து இமைடு பிணைப்பை உண்டாக்குகிறது. அதாவது இருபாதிச் சங்கிலியை நீங்கள் வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கவில்லை. அது எக்ஸ்ட்ரூடருக்குள், தேவைப்படும் எல்லைப்பரப்பிலேயே பிறக்கிறது. எல்லை நிரம்பியதும் அந்த வேலை முடிந்துவிடுகிறது. அமீன் முனைகள் தீர்ந்துபோயிருக்குமோ என்று ஐயம் எழலாம். பொதுவான நைலான் 6 தரங்களில் ஒரு கிலோவுக்கு 40 முதல் 50 மில்லிமோல் வரை அமீன் முனைகள் இருக்கும். 70 கிலோவுக்கு ஏறத்தாழ 3 மோல். இணக்கியில் 1 சதவீதம் அன்ஹைட்ரைடு இருந்தால், 2 கிலோவில் 0.2 மோலும் 10 கிலோவில் 1 மோலுமே இருக்கும். ஆகவே முனைகளுக்குப் பஞ்சமில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். எல்லையில் இடம் கிடைக்காத மிகுதி இணக்கி பாலிபுரோப்பிலீனுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

தங்குவதால் என்ன கேடு என்றால், இந்த இணக்கியைத் தயாரிக்கும்போது பெராக்சைடு பயன்படுத்தப்படுகிறது. அது அன்ஹைட்ரைடை ஒட்டவைக்கும் அதே வேளையில் பாலிபுரோப்பிலீன் சங்கிலியை வெட்டியும் விடுகிறது. அன்ஹைட்ரைடு மிகுந்த தரங்கள் பெரும்பாலும் நீர்த்து ஓடுவதற்கு இதுவே காரணம். குட்டையான சங்கிலிகள் பத்துப் பங்கு கலந்த பாலிபுரோப்பிலீனிடம் உறுதியை எதிர்பார்க்க முடியாது. அடுத்த முறை 1, 2, 3, 4 சதவீதம் என்று நான்கு கலவைகளைச் செய்து பாருங்கள். துளி அளவு முதலில் விரைவாகக் குறைந்து, பிறகு மாறாமல் நிற்கும். அந்தத் திருப்பம்தான் உங்களுக்குரிய அளவு. வேறொரு திருகிலோ வேறொரு வேகத்திலோ எல்லைப்பரப்பின் மொத்தப் பரப்பளவு மாறுவதால், பிறர் சொல்லும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாக்குவலிமைதான் உங்கள் முதன்மையான தேவை என்றால் வேறு பாதையும் இருக்கிறது. அன்ஹைட்ரைடு ஒட்டிய எத்திலீன்–புரோப்பிலீன் ரப்பரை நைலானில் சேர்ப்பது பழகிப்போன முறை. ரப்பர் கலந்த நைலானை ஆராய்ந்த டூபாண்ட் ஆய்வாளர் சௌஹெங் வூ, அடுத்தடுத்த ரப்பர் துளிகளுக்கு இடையிலுள்ள சுவர் ஏறத்தாழ 0.3 மைக்ரானுக்குக் கீழே மெலிந்தால் நொறுங்கும் பொருள் திடீரென உறுதியான பொருளாக மாறுகிறது என்று 1985-இல் காட்டினார். ரப்பரின் அளவைக் கூட்டினாலும் சுவர் மெலியும், துளியைச் சிறிதாக்கினாலும் மெலியும்; இரண்டாவது வழி விறைப்பைக் காப்பாற்றுகிறது.

கேள்வி: நிரப்பி, இணக்கி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே புனலில் கொட்டி ஓட்டுகிறோம். சில நாள் நன்றாக வருகிறது, சில நாள் வருவதில்லை. சேர்க்கும் வரிசைக்கு முக்கியத்துவம் உண்டா?

பதில்: உண்டு, இந்தத் துறையில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். இரண்டு பாலிமர்கள் உள்ள கலவையில் நிரப்பி எங்கே போய் அமரும் என்ற கேள்வியை எழுப்பாமல், எவ்வளவு சேர்ப்பது என்று மட்டும் கேட்பவர்களே அதிகம். அது அமரக்கூடிய இடங்கள் மூன்று: முதல் பாலிமருக்குள், இரண்டாவதற்குள், அல்லது இரண்டின் எல்லையில். எந்தப் பாலிமரோடு அதன் பரப்புக்கு இழுவிசை குறைவோ, அதற்குள் போகவே அது விரும்பும். இரண்டுக்குமான விருப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லையென்றால் எல்லையில் நிற்கும். இது விருப்பம் மட்டுமே. போய்ச் சேர நேரம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. பாலிபுரோப்பிலீன் 165 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுகிறது, நைலான் 6 உருக 220 வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால், நைலான் குருணைகள் இன்னும் திடமாக உருண்டுகொண்டிருக்கும்போதே நிரப்பியைப் பாலிபுரோப்பிலீன் பூசிக்கொண்டுவிடும். பிறகு நைலான் உருகியதும் நிரப்பி அதற்குள் இடம்பெயரத் தொடங்கும். அந்தப் பயணம் முடியுமுன் எக்ஸ்ட்ரூடரின் வாய் வந்துவிட்டால் பாதி இங்கே, பாதி அங்கே என்று நிற்கும். வெப்பநிலையும் வேகமும் சற்று மாறும் நாள்களில் உங்கள் விளைவும் மாறுவதற்கு இதையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

இடம் மாறினால் பண்பு எவ்வளவு மாறும் என்பதற்குக் கரிப்பொடி நல்ல சான்று. பாலிஎத்திலீனும் பாலிஸ்டைரீனும் ஒன்றையொன்று ஊடுருவி, இரண்டும் தொடர்ச்சியாக நிற்கும் கலவையில், கரிப்பொடியை எல்லைப்பரப்பில் நிறுத்த முடிந்தபோது வெறும் 0.4 சதவீதத்திலேயே மின்சாரம் கடந்தது என்று 1994-இல் ஓர் ஆய்வு காட்டியது. பாலிஎத்திலீனில் மட்டும் பரப்பினால் அதைப் போலப் பல மடங்கு கரிப்பொடி வேண்டியிருக்கும்.

இன்னொரு சான்று, பாலிபுரோப்பிலீன், எலாஸ்டோமர், கால்சியம் கார்பனேட் மூன்றும் சேர்ந்த கலவை. அதில் அன்ஹைட்ரைடை எலாஸ்டோமரில் ஒட்டவைத்துச் சேர்த்தால், எலாஸ்டோமர் நிரப்பியை நாடிச் சென்று உறைபோலச் சூழ்ந்துகொள்ளும். தாக்குவலிமை கூடும், விறைப்பு குறையும். அதே அன்ஹைட்ரைடைப் பாலிபுரோப்பிலீனில் ஒட்டவைத்துச் சேர்த்தால், நிரப்பி தனியாகவும் எலாஸ்டோமர் தனியாகவும் நிற்கும். விறைப்பு கூடும், தாக்குவலிமை அவ்வளவாகக் கூடாது. மூலப்பொருள்களின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. யாருடைய தோளில் அன்ஹைட்ரைடை ஏற்றுகிறோம் என்பது மட்டும் மாறி, இரண்டு வேறுபட்ட பொருள்கள் கிடைத்துவிடுகின்றன.

இதிலிருந்து உங்கள் புனலுக்கு வருவோம். கால்சியம் கார்பனேட்டின் காரப்பரப்பு அன்ஹைட்ரைடைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளக்கூடியது. ஒன்றாகக் கொட்டும்போது, நைலானுக்காக நீங்கள் வைத்த இணக்கியை நிரப்பி பங்குபோட்டுக்கொள்கிறது. எனவே இரு பாலிமர்களையும் இணக்கியையும் முதலில் உருக்கி வினையை முடியவிட்டு, நிரப்பியை நடுவழியில் பக்கவாட்டுப் புனல் வழியாகச் சேர்ப்பதே பாதுகாப்பான முறை. கண்ணாடி இழையாக இருந்தால் இந்த முறை கட்டாயமென்றே சொல்லலாம். திடக் குருணைகளோடு சேர்ந்து அரைபட்டால் இழை குட்டையாகி, அதன் பயனில் பெரும்பகுதி போய்விடும். பக்கவாட்டுப் புனல் இல்லாவிட்டால், நிரப்பியை எந்தப் பாலிமருக்குள் நிறுத்த விரும்புகிறீர்களோ அதில் முன்கூட்டியே அடர்கலவையாக, அதாவது மாஸ்டர்பேட்சாக, ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டியரிக் அமிலம் பூசிய கால்சியம் கார்பனேட் பாலிமரோடு நன்றாக ஒட்டும் என்பது உண்மையா?

பதில்: உண்மையல்ல, மிகப் பரவலான தவறான நம்பிக்கை இது. ஸ்டியரிக் அமிலத்தின் அமிலத்தலை பொடியின் பரப்பைப் பற்றிக்கொள்ள, கொழுப்புவால் வெளியே நீட்டி நிற்கிறது. அதனால் பொடித்துகள்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாவது குறைகிறது, ஈரம் ஏறுவது குறைகிறது, பரவல் சீராகிறது. ஆனால் அந்த வால் பாலிமர்ச் சங்கிலிகளோடு பின்னிக்கொள்ள முடியாத அளவுக்குக் குட்டையானது. எனவே பிடிப்பு உண்மையில் குறையும். சில வேளைகளில் அதுவும் நன்மையே: இழுக்கும்போது துகள் எளிதில் கழன்று சுற்றிலும் நுண்வெற்றிடங்கள் உண்டாகி, பாலிமர் நொறுங்காமல் இழுபட வழிபிறக்கிறது. இழுவலிமைதான் வேண்டுமென்றால் இது உதவாது. சிலிக்கான் சேர்மமான சிலேனின் பூச்சு கண்ணாடியிலும் சிலிக்காவிலும் நன்றாக வேலை செய்யும், ஏனெனில் அங்கே அது பிணைய ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. கால்சியம் கார்பனேட்டில் அவை போதிய அளவில் இல்லை.

கேள்வி: தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கின் துகள்களில் பாலிஎத்திலீன் மூடித்துண்டுகள் சிறிதளவு கலந்துவிடுகின்றன. எந்த இணக்கி பொருந்தும்?

பதில்: எபாக்சி தொகுதியுள்ள எத்திலீன்–கிளைசிடில் மெத்தாக்ரிலேட் வகைகள் பொருந்தும். பெட் சங்கிலியின் கார்பாக்சில், ஹைட்ராக்சில் முனைகள் இரண்டோடும் எபாக்சி வினைபுரியும். அளவு மிஞ்சினால் சங்கிலிகள் குறுக்கே பிணைந்து, உருகல் தடித்து, கட்டிகள் தோன்றும். அதற்கு முன் உலர்த்தலைக் கவனியுங்கள். பெட்டில் ஈரம் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவுக்குக் கீழே இறங்காவிட்டால், உருகும்போதே நீர் அதன் சங்கிலிகளை வெட்டிவிடும். இணக்கியால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

கேள்வி: எங்களிடம் மின்னணு நுண்ணோக்கி இல்லை. இணக்கி வேலை செய்ததா என்று எப்படி அறிவது?

பதில்: விறைப்பை அளந்து முடிவுசெய்யாதீர்கள்; சிறிய நீட்சியில் அளக்கப்படுவதால், எல்லை ஒட்டியதா இல்லையா என்பதை அது ஏறக்குறையச் சொல்வதே இல்லை. முறிவு நீட்சியை, அதாவது முறியுமுன் துண்டு எவ்வளவு நீளுகிறது என்பதைப் பாருங்கள், எல்லையின் தரத்தை முதலில் காட்டுவது அதுதான். வார்த்த துண்டை அச்சின் நுழைவாய்க்கு அருகே கத்தியால் கீறி உரித்துப் பாருங்கள். வெங்காயத் தோல்போல ஏடு ஏடாக வந்தால் இணக்கம் இல்லை என்று பொருள்.

நைலான் உள்ள கலவைகளுக்கு, மோலாவ் சோதனை என்ற எளிய முறை 1960களிலிருந்தே இருக்கிறது. ஒரு சிறு துண்டை அடர் ஃபார்மிக் அமிலத்தில் இட்டு வைத்தால் நைலான் கரையும், பாலிபுரோப்பிலீன் கரையாது. இணக்கம் இல்லாத கலவையில் பாலிபுரோப்பிலீன் மேலே திரண்டு, கீழே அமிலம் தெளிந்து நிற்கும். நைலானும் பாலிபுரோப்பிலீனும் பிணைந்த இருபாதிச் சங்கிலி உருவாகியிருந்தால் துகள்கள் பிரிய மறுத்து, பால்போன்ற கலங்கல் நாள்கணக்கில் நிலைத்திருக்கும். அடர் ஃபார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும், அதன் ஆவி கண்ணைக் கெடுக்கும். கையுறையும் கண்காப்பும் காற்றோட்டமும் இன்றி இதைச் செய்யக்கூடாது. நிரப்பியின் அளவைச் சரிபார்க்க எரித்துச் சாம்பலை நிறுத்துப் பார்க்கலாம். கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் உலையின் வெப்பத்தை 550 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மிக உயர்ந்தால் அது கரியமில வாயுவை இழந்து சுண்ணாம்பாகி, எடையில் 44 சதவீதம் காணாமல் போகும். அந்தச் சாம்பலை நிறுத்துவிட்டு நிரப்பி விற்றவரிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

இறுதியாக, குருணையைச் சோதித்ததோடு நிறுத்திவிடாமல், அதே குருணையை மீண்டும் ஒருமுறை உருக்கி, சில நிமிடங்கள் அசையாமல் வைத்திருந்து, தகடாக அழுத்திச் சோதியுங்கள். இணக்கியில்லாத கலவையில் துளிகள் அந்தச் சில நிமிடங்களிலேயே ஒன்றுசேர்ந்து பெருத்துவிடும். நீட்சி முதல் முறை கிடைத்ததைவிடத் தெளிவாகக் குறையும். இரண்டு முறையும் நீட்சி ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், உங்கள் குருணையை வாங்கித் தன் எந்திரத்தில் மறுபடியும் உருக்கப்போகிறவருக்கும் அதே நீட்சி கிடைக்கும்.